உறவுக்குச் சுமந்த உப்புக்கண்டம்: ஒரு வரலாற்று நோக்கு

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழா மலரில் இறைச்சித் துண்டைப் பற்றிக் கட்டுரை எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். மலர் என்றால் சான்றோரின் வாழ்த்துரை வேண்டும். கல்வியின் மேன்மை பேசப்பட வேண்டும். சங்கத்தின் வளர்ச்சியும் வரவு செலவும் கூறப்பட வேண்டும். அவை யாவும் இம்மலரில் உள்ளன. ஆயினும் ஒரு சமுதாயத்தின் வரலாறு மேடையில் மட்டுமே நிகழ்வதன்று. அடுப்படியிலும், சந்தைக்குச் செல்லும் வழியிலும், பேருந்தின் பின்னிருக்கையிலும் அது நிகழ்கின்றது. நம் தாய்மார் மடியில் வைத்து மறைத்துச் சுமந்த ஒரு மூட்டையின் வரலாற்றை ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

அம்மூட்டைக்குள் இருந்தது உப்புக்கண்டம். உறவினர் வீட்டுக் காதுகுத்துக்கும், மஞ்சள் நீராட்டுக்கும், ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளுக்கும் நம் செங்கல்பட்டுச் சீமையின் மக்கள் வெறுங்கையோடு செல்லும் வழக்கம் இல்லை. நிலமுடையோர் நெல்லும் காய்கறியும் கொண்டு சென்றனர். நிலமற்ற நம் மக்களோ, தம் கைத்திறத்தால் கெடாது காத்து வைத்த கறியைக் கொண்டு சென்றனர். அன்பின் அடையாளமாகிய அப்பொருளை ஏன் மறைத்துக் கொண்டு செல்ல நேர்ந்தது? மறைக்கச் செய்தவர் யாவர்? இன்றும் நாம் மறைத்தல் வேண்டுமா? இவையே இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள்.

வெயிலும் புகையும்

முதற்கண் அத்தொழிலை அறிவோம். நம் வீட்டுப் பெரியோர்களிடம் கேட்டறிந்த முறை இது. கொழுப்பு நீக்கிய சதையை, நார் ஓடும் திசையிலேயே, விரல் அகலத்தில் நீண்ட வார்களாக அரிவார்கள். கொழுப்பு தங்கினால் நாளடைவில் சிக்கு வாடை பிடித்துவிடும். கல்லுப்பும் மஞ்சளும் தடவி ஓர் இரவு மண்சட்டியில் அழுத்தி வைப்பார்கள். உப்பு, கறியின் நீரை வெளியே இழுத்துவிடும். மறுநாட் காலையில் அந்நீரை வடித்துவிட்டு, வார்களைக் கயிற்றுக் கொடியில் ஒன்றோடொன்று ஒட்டாவண்ணம் தொங்கவிடுவார்கள். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களின் வெயில் இதற்கு ஏற்றது. காக்கை ஓட்டும் பொறுப்பு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்ந்தது. கோலும் கையுமாகத் திண்ணையில் அமர்ந்து பாடம் படித்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. மாலையில் பனி இறங்குமுன் யாவற்றையும் உள்ளே எடுத்துவிட வேண்டும். நான்கைந்து வெயில் கண்டபின் வார் கறுத்துச் சுருங்கி, மடக்கினால் ஒடியும் பதத்துக்கு வரும்.

விலாக்கறிக்கு வேறு வழி. எலும்பை ஒட்டிய சதை வெயிலில் மட்டும் உலராது. எலும்பின் ஓரத்தில் ஈரம் தங்கிவிடும். ஈ மொய்த்துப் புழு வைக்கும். ஆதலின் விலாவைச் சிறு துண்டுகளாக வெட்டி, உப்பிட்டு, ஒருநாள் வெயில் காட்டியபின், அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் தொங்கவிடுவார்கள். சவுக்கு மிளாறும் வேலிக்காத்தான் விறகும் எரியும் அடுப்பின் புகை நாள்தோறும் அதன்மேற் படியும். குழம்பில் இட்டுக் கொதிக்க வைக்கும்போது எழும் மணத்தில் அப்புகை மீண்டும் வீடெங்கும் பரவும்.

இதன் அறிவியல் எளியது. கொழுப்பற்ற இறைச்சியில் ஏறத்தாழ முக்காற் பங்கு நீர். இறைச்சியைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வளர்வதற்கு அந்நீர் வேண்டும். உப்பும் வெயிலும் அதைக் கவர்ந்துவிடுகின்றன. புகையிலுள்ள பொருள்கள் நுண்ணுயிர்களைத் தடுப்பதோடு, எஞ்சிய கொழுப்பு கெடுவதையும் தாமதப்படுத்துகின்றன. பள்ளி வாயிலை மிதித்தறியாத நம் பாட்டிமார் இதனை ஏட்டில் படிக்கவில்லை, கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

ஊருக்குக் கொண்டு செல்வதிலும் ஒரு முறை உண்டு. சூடு தணியாத கறியை மூட்டை கட்டலாகாது. உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பனையோலைப் பெட்டியில் வைத்தால் காற்று உலவும். நெகிழிப் பையில் இறுகக் கட்டினால் ஈரம் கோத்துக்கொள்ளும். முற்றக் காய்ந்த வார் மாதக் கணக்கில் நிற்கும். அரைப்பதமாகப் புகைகாட்டிய விலாவையோ, காலையில் எடுத்துச் சென்று அன்றைக்கே நன்றாக வேகவைத்து உண்டுவிட வேண்டும். கத்தரிக்காயும் மொச்சையும் மாங்கொட்டையும் அதற்கு உற்ற துணை.

பழந்தமிழர் கண்ட வாடூன்

இவ்வுணவு இழிவானது என்று கூறுவோர் நம் தமிழ் நூல்களைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசில் பெற்று வரும் பாணன் ஒருவன், வறிய பாணன் ஒருவனுக்கு வழி கூறும் முறையில் அமைந்த நூல் அது. இடைவழியில் எயினர் குடியிருப்பு ஒன்று வருகின்றது. அங்குள்ள பெண்டிர் கரம்பை நிலத்தைக் கிளறி எறும்பு சேர்த்த புல்லரிசியை எடுக்கின்றனர், நிலவுரலில் குற்றுகின்றனர், ஆழ்கிணற்றின் உவர்நீரை முகந்து, விளிம்பு உடைந்த பானையில் சோறாக்குகின்றனர். அச்சோற்றோடு சேர்வது ‘வாடூன்’. அதாவது வாடிய ஊன், உலர்ந்த இறைச்சி. தேக்கிலையில் அதனைக் குவித்து, பசித்து வரும் பாணனுக்கு மட்டுமன்றி, அவனுடன் வரும் சுற்றத்தார் அனைவருக்கும் அளிக்கின்றனர்.

இவ்வெயினரே நம் முன்னோர் என்று சாதிக்க நாம் முற்படவில்லை. அச்சான்று இல்லாமலே நமக்கு வேண்டிய செய்தி இதில் இருக்கின்றது. இன்று நாம் வாழும் தொண்டை நாட்டில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், உலர்ந்த இறைச்சி விருந்தினர்க்கும் சுற்றத்தார்க்கும் இடும் உணவாக இருந்தது. புலவர் அதனை மறைக்கவில்லை. மன்னனைப் பாடும் பாட்டிலேயே வைத்துப் பாடினார். ஆகவே அந்த உணவுக்கு இழிவு இயல்பாக வந்ததன்று, பின்னாளில் ஏற்றப்பட்டது.

பஞ்சமும் அடிமைத் தொழிலும்

இழிவு ஏற்றப்பட்ட வரலாறு துயரமானது. ஊரில் மாடு செத்தால் அதனை இழுத்துச் சென்று அப்புறப்படுத்தும் வேலை சேரியின்மேல் சுமத்தப்பட்டது. அதற்குக் கூலி இல்லை. செத்த மாட்டின் இறைச்சியே கூலி என்றனர். கடமை என்ற பெயரில் அடிமைத்தனமும், உரிமை என்ற பெயரில் எச்சிலும் நமக்குத் தரப்பட்டன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தில் மனிதரும் மாடுகளும் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். 1877-ஆம் ஆண்டில் நிவாரண வேலைகளில் வயது வந்த ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவாக, சிறிது காசுமே கூலியாக வகுக்கப்பட்டன. அத்தகைய நாள்களில் ஒரு துண்டு உலர்ந்த கறி ஒரு குழந்தையின் உயிரைக் காத்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிலமிருந்தால் மாடு வளர்க்கலாம். மாடிருந்தால் பாலும் எருவும் கிடைக்கும். நிலமற்றவனுக்கு மாடு செத்த பின்னரே சொந்தமாயிற்று. இவ்வுண்மையை அரசின் முன் வைத்தவருள் ஒருவர், 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர். அவர் நம் மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையின் பயனாக 1892-இல் பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அந்நிலங்கள் பின்னர் எவ்வாறு கைமாறின என்பதையும், அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ஆம் நாள் இதே மாவட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரு இளைஞர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானதையும் நம் இளைஞர்கள் அறிவார்கள். தட்டில் இருப்பதைப் பற்றிப் பேசுவோர் நிலத்தைப் பற்றியும் பேசியே தீர வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே குறித்தல் வேண்டும். மாடு ஒன்றுதான்; அதன் தோலுக்கு ஒரு நீதி, கறிக்கு ஒரு நீதி. தோல், பதனிடும் தொழிற்சாலைகளுக்குச் சென்று, கடல் கடந்து, அந்நியச் செலாவணி ஈட்டியது. நாம் நாள்தோறும் இரயிலில் கடக்கும் குரோம்பேட்டை, தோலைக் குரோமியத்தால் பதனிட்ட தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். 1948-இல் சென்னை அடையாற்றில் மைய அரசின் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. தோல் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாயிற்று. அதே விலங்கின் கறியை உலர்த்தத் தெரிந்த கைகள் மட்டும் தீண்டத்தகாதவையாகவே நின்றன.

பாபாசாகேப் கற்பித்தது

1927 மார்ச்சுத் திங்களில் மகாத் மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் நம் மக்களைப் பார்த்து, செத்த மாட்டின் இறைச்சியை உண்பதையும், செத்த மாட்டை இழுக்கும் தொழிலையும், எச்சிற் சோற்றுக்குக் கையேந்துவதையும் விட்டொழிக்குமாறு வேண்டினார். தமிழகத்துச் சேரிகளிலும் ஊர்க்கூட்டம் கூடி அவ்வாறே உறுதி செய்தோர் பலர். அதற்காக வேலை மறுக்கப்பட்டும், கடைச் சாமான் மறுக்கப்பட்டும் அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. அவர்கள் மறுத்ததனாற்றான் நாம் இன்று நிமிர்ந்து நிற்கின்றோம்.

1948-இல் வெளியான ‘தீண்டப்படாதார் யார்?’ என்னும் ஆராய்ச்சி நூலில் அவரே இவ்வுணவின் வரலாற்றை ஆராய்ந்தார். பண்டைக் காலத்தில் பிராமணரும் மாட்டிறைச்சி உண்டனர் என்பதை வேத நூல்களிலிருந்தே எடுத்துக் காட்டினார். பௌத்தத்தோடு நிகழ்ந்த போட்டியில் அவர்கள் அதனை விட்டுப் பசுவைப் புனிதமாக்கிய பின்னர், விட முடியாத வறியோராகிய சிதறுண்ட மக்கள் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டனர் என்பது அவர் கொண்ட முடிபு. ஆராய்ச்சியாளர் இம்முடிபைப் பலவாறாக விவாதிப்பர். ஆயினும் ஓர் உண்மை நமக்குத் தெளிவாகின்றது: ஒருவன் உண்ணும் பொருளைத் தீயதாக்கி, பின் அவனையே தீயவனாக்குவது சாதியின் பழைய சூழ்ச்சி.

இவ்விரு பாடங்களையும் நம்மவர் சிலர் குழப்பிக் கொண்டனர். ‘செத்ததை உண்ணாதே, இழிதொழில் செய்யாதே’ என்று தலைவர் சொன்னது அடிமைத்தனத்தை விடுவதற்காக. அதனை, ‘உன் தாய் சமைத்த கறிக்கு வெட்கப்படு’ என்று நாம் பொருள் கொள்ளலாகாது. காசு கொடுத்துக் கடையில் நல்ல இறைச்சி வாங்கித் தன் வீட்டு முற்றத்தில் உலர்த்தும் ஒரு பெண்மணிக்கும், ஆண்டையின் ஏவலால் செத்த மாட்டை இழுத்துச் சென்ற அவள் பாட்டனுக்கும் இடையே ஒரு நூற்றாண்டுப் போராட்டம் நிற்கின்றது. அந்தப் போராட்டத்தின் வெற்றியே அவள் கொடியில் தொங்குகின்றது என்று கூறினும் மிகையாகாது.

மராட்டியத்தில் இதே முறையில் உலர்த்திய கறியைச் ‘சான்யா’ என்பர். அங்கே சாகு பட்டோளே என்னும் எழுத்தாளர் 2015-இல் மராத்வாடாப் பகுதித் தலித் மக்களின் சமையலை, அதன் வறுமையோடும் சுவையோடும் ஒரு நூலாக எழுதினார். அந்நூல் 2024-இல் ஆங்கிலத்திலும் வந்து நாடெங்கும் பேசப்பட்டது. நம் வட்டாரத்துச் சமையலும் அவ்வாறு எழுதப்படத் தகுந்ததே.

கடல் கடந்த உடன்பிறப்புகள்

நம்மைப் போலவே உணவு மூட்டையைச் சுமந்து வரலாறு படைத்த மக்கள் உலகில் வேறும் உளர். அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் அவர்களுள் முதன்மையானவர். அடிமைக் காலத்தில் பண்ணை முதலாளிகள் பன்றியின் நல்ல சதைப்பகுதிகளைத் தாம் வைத்துக்கொண்டு, எலும்பும் காலும் குடலும் போன்றவற்றை அடிமைகளுக்கு ஒதுக்கினர். அவற்றையே அவர்கள் பக்குவம் செய்து சுவையாக்கினர். குழி வெட்டி, விறகு எரித்து, மெல்லிய புகையில் மணிக்கணக்கில் விலாக்கறியை வாட்டும் கலையில் அவர்கள் கைதேர்ந்தனர். டெக்சாசு மாநிலத்தில் விடுதலை அறிவிக்கப்பட்ட 1865 ஜூன் 19-ஆம் நாளை ஆண்டுதோறும் கொண்டாடும்போது, உற்றார் உறவினர் கூடிப் புகையில் வாட்டிய விலாக்கறியை உண்பது அவர்களின் வழக்கம்.

1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களிலிருந்து வடக்கும் மேற்குமாகக் குடிபெயர்ந்தனர். வழியிலிருந்த உணவு விடுதிகள் அவர்களுக்குக் கதவடைத்தன. ஆகவே தாய்மார் பொரித்த கோழியையும் ரொட்டியையும் செருப்புப் பெட்டிகளில் கட்டிக் கொடுத்தனுப்பினர். தங்களை ஏற்கும் விடுதிகள் எவை என்று அறிவதற்கே அவர்களுக்கு 1936 முதல் தனியாக ஒரு வழிகாட்டி நூல் வெளிவந்தது. இரயிலின் உணவுப் பெட்டியில் கறுப்பருக்கென இரண்டு மேசைகள் ஒதுக்கி, இடையே திரை தொங்கவிட்டிருந்தனர். 1942-இல் எல்மர் ஹென்டர்சன் என்பவருக்கு அம்மேசையிலும் இடம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடர்ந்தார். 1950-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அம்முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது.

அத்திரைக்கும், நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் நமக்கெனத் தனியே வைத்த குவளைக்கும் என்ன வேற்றுமை? வேற்றுமை ஒன்றுண்டு. அவர்கள் இழிவென்று ஒதுக்கப்பட்ட விலாக்கறியைத் தம் விழாவின் நடுவில் வைத்தனர். இன்று அந்நாடே அதனைத் தன் பெருமை என்று உண்கின்றது. நாமோ இன்னும் பனையோலைப் பெட்டியின் மேல் முருங்கைக்காயை அடுக்கிக் கொண்டிருக்கின்றோம்.

மறைமலை நகர் வந்த மூட்டை

நம் ஊருக்கு வருவோம். சென்னையின் நெருக்கடியைக் குறைக்கும் துணைநகராகத் திட்டமிடப்பட்ட இவ்வூர், தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தாது வருடப் பஞ்சம் தொடங்கிய 1876-ஆம் ஆண்டிலேதான் அடிகளார் பிறந்தார். அவர் சைவ நெறியில் ஊன்றி நின்றவர், புலால் மறுத்தவர். அவருடைய தமிழுக்கு நாம் தலைவணங்குகின்றோம். ஆயினும் ஒரு சமயத்தின் பெயராகிய ‘சைவம்’ மரக்கறி உணவின் பெயராகி, அதை உண்ணாத பெரும்பான்மைத் தமிழரின் உணவு ‘அசைவம்’ என எதிர்மறைப் பெயர் பெற்றதை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகின்றோம். ஒருவர் தட்டை அளவுகோலாக்கி மற்றவர் தட்டை அளப்பது பேச்சு வழக்கிலேயே தொடங்கிவிடுகின்றது.

1990-களின் பிற்பகுதியிலிருந்து மறைமலை நகரிலும், இருங்காட்டுக்கோட்டையிலும், பின்னர் ஒரகடத்திலும் கார்த் தொழிற்சாலைகள் எழுந்தன. மதுராந்தகம், உத்திரமேரூர், செய்யூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து நம் பிள்ளைகள் ஒப்பந்தத் தொழிலாளராக வந்தனர். இவ்வூரின் பெரிய ஆலையாகிய ஃபோர்டு 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்தியபோது வேறு ஆலை தேடி அலைந்தோரும் உண்டு. வேலை கிடைத்தவர்க்கு அடுத்த இடர் வீடு. ‘அசைவம் சமைப்போருக்கு வீடு இல்லை’ என்ற சொல்லின் பின்னே, ‘நீ எந்தச் சேரி?’ என்ற கேள்வி ஒளிந்திருப்பதை வீடு தேடிய ஒவ்வொருவரும் அறிவர்.

நம் உறுப்பினர் ஒருவரின் பாட்டியார் மதுராந்தகத்துக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து, பேரனின் வீட்டுக் காதுகுத்துக்கு வந்தார். பத்து நாள் முன்னதாகவே கண்டம் போட்டு, விலாவைப் புகையில் கட்டி, பனையோலைப் பெட்டியில் அடுக்கி, மேலே முருங்கைக்காயும் ஒரு தேங்காயும் வைத்துத் துணியால் மூடிக்கொண்டார். இரயிலேறிச் செங்கல்பட்டில் மின்சார இரயிலுக்கு மாறினார். பெட்டியை மேலே வைக்கவில்லை; காலடியிலும் வைக்கவில்லை; வழி முழுவதும் மடியிலேயே வைத்திருந்தார். பக்கத்தில் அமர்ந்தவர், “என்னம்மா, கருவாடா?” என்று கேட்டபோது, “ஆமாம்பா, கருவாடுதான்” என்றாராம். கருவாடு என்று சொல்லலாம், ஊரறிந்த பொருள். கண்டம் என்று சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை.

பேரன் வீட்டில் சன்னல்களை அடைத்துவிட்டுக் குழம்பு வைத்தனர். வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவருக்கொருவர் தட்டில் விலாவை எடுத்து வைத்து, இது யார் கை மணம் என்று கேட்டு மகிழ்ந்தனர். அன்று பாட்டியார் சொன்ன ஒரு சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை: “காக்கா கிட்டேந்து காப்பாத்திட்டேன், ஜனங்க கிட்டேந்து காப்பாத்தறதுதான் பெரும்பாடா போச்சு.”

உணவு என்பது தொழிலாளர் வாழ்வில் சிறு பொருளன்று. 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் வட்டாரத்து மின்னணு ஆலையில் பணிபுரிந்த இளம்பெண்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதி உணவால் நோயுற்றனர். அவர்தம் தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டனர். வீட்டிலிருந்து வரும் ஒரு பெட்டிக்காக ஏங்கும் பிள்ளைகள் அத்தகைய விடுதிகளில் எத்தனை பேர்!

சட்டமும் பேருந்தும்

பாட்டியாரின் அச்சம் வீணானதன்று. 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்து அரூர்ப் பக்கத்தில், மாட்டிறைச்சி கொண்டு சென்ற நம் சமுதாயத்து முதிய பெண்மணி ஒருவர் அரசுப் பேருந்திலிருந்து நடுவழியில் இறக்கிவிடப்பட்டார். செய்தி வெளியானதும் ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அதற்கு முன்னர், 2022 மே மாதத்தில் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிருவாகம் ஏற்பாடு செய்தபோது மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமளிக்கவில்லை. அவ்விலக்கம் பாகுபாடாகாதா என்று விளக்கம் கேட்டு மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் அறிவிக்கை அனுப்பியது. விழா, மழையைக் காரணங்காட்டித் தள்ளிவைக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் நாம் அறிய வேண்டுவது யாது? இழிவு இன்னும் இருக்கின்றது. ஆனால் அதற்கு விடை கேட்கும் வாயிலும் இருக்கின்றது. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15-ஆம் பிரிவு கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதியால் எவரையும் தடுக்கலாகாது என்றது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தான் எண்ணிய குற்றங்களுள் முதலாவதாக வைத்தது எது என்று இளைஞர்கள் பார்க்க வேண்டும்: உண்ணத் தகாத பொருளை உண்ணுமாறு நம்மவரைக் கட்டாயப்படுத்துவது. நம் வாயில் எது நுழைய வேண்டும் என்பதைப் பிறர் முடிவு செய்வதே கொடுமையின் தொடக்கம் என்பதைச் சட்டம் இயற்றியோரும் உணர்ந்திருந்தனர். எழுத்தறிந்தவனுக்கே இச்சட்டங்கள் பயன்படும். கல்விச் சங்கத்தின் மலரில் இக்கட்டுரை ஏன் என்ற வினாவுக்கு இதுவும் ஒரு விடை.

நம் பந்தியில் நிகழ்ந்தது

பிறரைக் கூறியது போதும். நம்மையும் சிறிது கூறிக்கொள்வோம். கடந்த 25 ஆண்டுகளில் நம் சங்கம் நடத்திய ஆண்டு விழாக்களில் ஒன்றிலேனும் கறிச்சோறு பரிமாறப்பட்டதில்லை. சிறப்பு விருந்தினர் என்ன நினைப்பாரோ, மண்டபத்துக்காரர் மறுப்பாரோ என்று அஞ்சிச் சாம்பாரும் வடையும் பாயசமுமாகவே முடித்தோம். ஆனால் விழா முடிந்து விருந்தினர் சென்றபின் மண்டபத்தின் பின்புறம் சென்று பார்த்தவர்க்கு வேறொரு விழா தெரியும். வெளியூர் உறுப்பினர்களின் தாய்மார் துணிப்பைகளிலிருந்து சிறு சிறு பொட்டலங்களை எடுத்து மாற்றிக் கொள்வார்கள். “இது எங்கூர்க் கண்டம், பிள்ளைக்கு வறுத்துக் குடு” என்பார்கள். மேடையில் சமத்துவம் பேசிய நாம், பின்புறத்தில் நம் தாய்மாரை நிறுத்தினோம். இதனை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கம் உண்டு. ஒப்புக்கொள்ளாதிருப்பது அதனினும் பெரிய வெட்கம்.

நம்முள் புலால் உண்ணாதோர் உண்டு. மாட்டிறைச்சியை மட்டும் விலக்கியோரும் உண்டு. பௌத்த நெறி பற்றியும், மருத்துவர் சொற்கேட்டும், தம் மனச்சான்றின்படியும் விட்டவர்களை நாம் மதிக்கின்றோம். எவரையும் உண்ணச் சொல்வது நம் நோக்கமன்று. விடுவதாயின் அறிந்து விடுக. உண்பதாயின் அஞ்சாது உண்க. அச்சத்தால் விட்டதும் விடுதலையன்று, அச்சத்தோடு உண்பதும் விடுதலையன்று.

முடிவுரை

இளைஞர்களே! இவ்வெள்ளி விழாவையொட்டி உங்கள்முன் இரு வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு முதியோரிடம் செல்லுங்கள். கண்டம் எவ்வாறு போட்டனர், எந்த விறகில் புகை காட்டினர், எந்த உறவுக்கு எந்த வழியாகக் கொண்டு சென்றனர், வழியில் யார் என்ன கேட்டனர், என்ன விடை கூறினர் என்பவற்றை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். வேறு எந்த ஆவணக் களரியிலும் இல்லாத வரலாறு அது. அவர்களோடு அது மறைந்துவிடுமாயின், பட்டம் பெற்ற நாமே அதற்குப் பொறுப்பாவோம்.

இரண்டாவது, விழா நாளின் பந்தியைப் பற்றியது. மரக்கறி உணவு ஒரு வரிசையிலும், நம் தாய்மாரின் கைப்பக்குவத்தில் ஆன உப்புக்கண்டக் குழம்பு மற்றொரு வரிசையிலும் இருக்கட்டும். கரும்பலகையில் இரண்டின் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் எழுதுவோம். அவரவர் விரும்பியதை அவரவர் உண்ணட்டும். சிறப்பு விருந்தினர் வினவினால், பெரும்பாணாற்றுப்படையிலிருந்து தொடங்கி விடை கூற நம் மாணவர்கள் ஆயத்தமாக இருக்கட்டும்.

மதுராந்தகத்துப் பாட்டியாருக்கும் அழைப்பு அனுப்பியுள்ளோம். இம்முறை அவர் பெட்டியின் மேல் முருங்கைக்காயை வைக்க வேண்டுவதில்லை. வைத்தாலும், அது குழம்புக்காக மட்டும் இருக்கட்டும்.